ஆள் குறைந்த கரை

அயர்லாந்தில், மேயோ மாவட்டத்தின் வெஸ்ட்போர்ட் ஊரில் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மேற்கே மிதித்தால், 42 கிலோமீட்டரில் அக்கில் தீவின் வாசலுக்குப் போய்விடலாம். கார், லாரித் தொல்லை அதிகமில்லாத பாதை. இடது கையில் க்ளூ வளைகுடாவும் அதன் குட்டித் தீவுகளும், வலது கையில் நெஃபின் மலைகள், நடுவில் தேநீருக்கு நிற்க நியூபோர்ட், மல்ரனி என்று இரண்டு ஊர். மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம் எங்கும் இல்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் இதில் ரயில் ஓடியது; 1937இல் நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தோடு அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போய்வருகிறவர்கள் பிடித்த இடங்களைச் சொல்லும்போது இந்தப் பாதை இப்போது தவறாமல் வருகிறது.

அந்த ரயிலைப் பற்றி ஒரு பழைய வாக்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரையன் ரூவா என்றொருவர், இரும்புச் சக்கரத்தில் புகையும் நெருப்பும் கக்கிக்கொண்டு அக்கிலுக்கு வண்டி வரும், முதல் நடையிலும் கடைசி நடையிலும் அது பிணம் ஏற்றும் என்று சொல்லிவைத்தாராம். 1894 ஜூனில், ஸ்காட்லாந்துக்கு அறுவடைக் கூலிகளாகப் புறப்பட்ட அக்கில்காரர்கள், வெஸ்ட்போர்ட்டில் நின்ற நீராவிக் கப்பலைப் பிடிக்கப் பாய்மரப் படகில் போனார்கள். பெரும்பாலும் இளவட்டங்கள், அவர்களில் பெண்பிள்ளைகள் அதிகம். கப்பல் கண்ணில் பட்டதும் எல்லாரும் ஒரே பக்கமாக ஓட, படகு கவிழ்ந்தது. 32 பேர் செத்தார்கள். அக்கில் வரையான ரயில் பாதை அப்போது முறையாகத் திறக்கப்படவே இல்லை. உடல்களைக் கொண்டுவர ஒரு தனி வண்டியை விட்டார்கள். 1937 செப்டம்பரில் கிளாஸ்கோ பக்கம் கிர்கின்டிலாக் என்ற ஊரில், உருளைக்கிழங்கு தோண்டப் போயிருந்த அக்கில் பையன்கள் 10 பேர் தாங்கள் படுத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து இறந்தார்கள். அவர்களையும் இந்தத் தடத்தில்தான் கொண்டுவந்தார்கள். இரண்டு வாரத்தில் ரயில் நின்றது.

வாக்கு பலித்த கதையை மேயோவில் யாரும் சொல்வார்கள். கேட்கிறவர் மனத்தில் தங்க வேண்டியது வேறு: 43 ஆண்டு இடைவெளியில் செத்த இரு கூட்டமும் ஒரே வேலைக்கு, ஒரே நாட்டுக்குப் போனவை. இடையில் அயர்லாந்துக்குச் சுதந்திரமே வந்துவிட்டது. கூலிக்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

தீவுக்குள் போனால் ஸ்லீவ்மோர் மலையின் தெற்குச் சரிவில் ஒரு ஊர் கிடக்கிறது. எண்பது, நூறு வீடு இருக்கும். ஒன்றுக்கும் கூரை இல்லை. சாந்து பூசாமல் கல்லை அடுக்கியே எழுப்பிய சுவர். பெரும்பாலும் ஒரே அறை. அந்த அறையின் ஒரு பாதியில் மனிதர், மறு பாதியில் மாடு. மாட்டைக் கட்டுவதற்குச் சுவரில் பதித்த கல் வளையம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. வெளியே வந்து சரிவைப் பார்த்தால், மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், புல்லுக்கு அடியில் நீள நீளமாக வரிகள் தெரியும். உருளைக்கிழங்குப் பாத்திகள். கடைசியாகக் கிழங்கு தோண்டி எத்தனையோ தலைமுறை ஆகியும் மண் சமமாகவில்லை.

ஊர் ஒரே நாளில் காலியாகவில்லை. பஞ்சம், வாடகைப் பாக்கி, குடியெழுப்பல், கடலோரத்துக்கு இடம்பெயர்வு என்று பல காரணம். போனவர்களில் சிலர் பிறகும் கோடையில் மாட்டோடு வந்து இதே வீடுகளில் தங்கினார்கள். 1940கள் வரை அது நடந்தது. 1950களில் இங்கே வந்த ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் பொய்ல் இந்த இடிந்த ஊரைப் பற்றித் தன் அயர்லாந்து நாட்குறிப்பில் ஒரு முழு அத்தியாயம் எழுதினார். 1957இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெர்மானியர்கள் தலைமுறை தலைமுறையாக அக்கிலுக்கு வருகிறார்கள். போரில் தரைமட்டமான கொலோன் நகரத்துக்காரர் பொய்ல். குண்டே விழாமல் இப்படி ஒரு ஊர் காலியாகக் கிடப்பது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும்.

அயர்லாந்தின் மேற்குக் கரையை விரும்புகிறவர்கள் வாயில் ஒரு பாராட்டு அடிக்கடி வரும்: கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஆள் இல்லை. அந்த ஆளின்மையில் இயற்கையின் பங்கு குறைவு. 1841 கணக்கெடுப்பில் தீவு முழுவதிலும் சுமார் 82 லட்சம் பேர் இருந்தார்கள். இன்று குடியரசையும் வடக்கு அயர்லாந்தையும் கூட்டினால் 70 லட்சத்துக்குச் சற்றுமேல். நூற்றெண்பது ஆண்டு கழித்தும் பழைய எண்ணிக்கையைத் தொடாத நாடு ஐரோப்பாவில் வேறு ஒன்றைக் காட்டுவது கடினம்.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்கு நோய் ஏழெட்டு ஆண்டில் சுமார் பத்து லட்சம் பேரைக் கொன்றது. அதற்குக் குறையாத எண்ணிக்கையில் மக்கள் கப்பல் ஏறினார்கள். நோயால் கிழங்குதான் அழுகியது. வீடுகளை அழித்தது சட்டம். 1847இல் வந்த ஒரு பிரிவின்படி கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குடியானவனுக்கு நிவாரணம் கிடையாது. நிலத்தை விட்டுக்கொடுத்தால்தான் கஞ்சி. இன்னொரு பக்கம், சிறு குத்தகைக்காரர்களுக்கான ஏழை வரியை நிலச்சுவான்தாரே கட்ட வேண்டும் என்று இருந்ததால், குத்தகைக்காரனைக் கிளப்பிவிடுவது அவருக்கு லாபம். கிளப்பிவிடப்பட்டவன் இரவில் திரும்பி வந்து படுத்துவிடக் கூடாதென்று கூரையைப் பிரித்துப் போட்டார்கள். மேற்கே பயணிகள் புகைப்படம் எடுக்கும் மொட்டைச் சுவர்களில் பலவற்றுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

அக்கிலிலிருந்து தெற்கே, லூயிஸ்பர்க்கையும் லீனானையும் இணைக்கும் சாலை மேற்கிலேயே அழகான சாலை என்று பலர் சொல்வார்கள். மிகையில்லை. ஒரு பக்கம் 814 மீட்டர் உயர ம்வீல்ரே, மறுபக்கம் ஷெஃப்ரி மலைகள், நடுவே டூலோக் என்ற கறுத்த ஏரி. ஆட்டைத் தவிர எதிரே வருபவர் அபூர்வம். 1849 மார்ச் கடைசியில், நிவாரணத்துக்குத் தகுதியுள்ளவர்களா என்று பார்க்க அதிகாரிகள் லூயிஸ்பர்க்குக்கு வருவதாக இருந்தது. கூட்டம் காத்திருந்தது. வந்தவர்கள் அங்கே பார்க்காமல், சுமார் 19 கிலோமீட்டர் தள்ளியிருந்த டெல்ஃபி வேட்டை மாளிகைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை அங்கே வரவேண்டும், வராதவர் பெயர் நீக்கப்படும் என்று சொல்லி அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கானோர் குளிரில் இரவோடிரவாக நடந்தார்கள். சேர்ந்தபோது அதிகாரிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகவும் வெளியே காக்கவைத்ததாகவும் ஊரில் சொல்கிறார்கள். கடைசியில் ஒன்றும் தரவில்லை. திரும்பும் வழியில், இந்த ஏரிக்கரையில், விழுந்து செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அன்றைய செய்தித்தாளுக்கும் ஊர் நினைவுக்கும் ஒத்துப்போகவில்லை. பத்துப் பதினைந்திலிருந்து நூற்றுக்கணக்கு வரை சொல்கிறார்கள்.

சாலையோரத்தில் ஒரு எளிய கல் சிலுவை நிற்கிறது. அதில் பெயர் பொறித்திருப்பது ஐரிஷ் தலைவர் எவருடையதும் அல்ல, காந்தியுடையது. சக மனிதரைச் சிறுமைப்படுத்துவதில் ஒருவர் எப்படிப் பெருமை காண முடியும் என்ற பொருளில் அவர் சொன்னதைப் பொறித்திருக்கிறார்கள். 1988 முதல் பசி, மனித உரிமை என்ற பேச்சோடு ஒரு நினைவு நடை இந்த வழியில் நடக்கிறது. 1991இல் தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் டூட்டு வந்து நடந்தார். டெல்ஃபி மாளிகை இப்போதும் இருக்கிறது. சால்மன் பிடிக்க வருகிறவர்கள் தங்கும் நல்ல விடுதி. அதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஊரில் நாலு பேருக்கு வேலை கிடைக்கிறது. அறை எடுப்பவர் அந்தச் சிலுவையருகே பத்து நிமிடம் காரை நிறுத்தினால் போதும்.

வடக்கே டொனிகால் முதல் தெற்கே கின்சேல் வரை 2,500 கிலோமீட்டர் கடலோரச் சாலையை 2014இல் சுற்றுலாத் துறை ஒரே வழித்தடமாக அறிவித்தது. நீல அலை போட்ட பலகைகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். அருமையான யோசனை, நன்றாக ஓடுகிறது. ஆனால் அதன் விளம்பரப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே உருவம்: பாறை விளிம்பில் முதுகைக் காட்டி நிற்கும் ஒற்றைப் பயணி. மோஹர் பாறைச் சுவருக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஒற்றையாக நிற்பது நடக்கிற காரியமில்லை. 214 மீட்டர் உயரம் வரை கடலிலிருந்து நேர்குத்தாக எழும் அந்தச் சுவரைப் பார்க்க ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். பேருந்துகள் போன பிறகு, சாயங்காலம் ஏழு மணிக்குமேல் போனால் நல்லது. ஜூனில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்.

ஸ்கெல்லிக் மைக்கேல் பாறைத் தீவு வேறு வகை. ஆறாம் நூற்றாண்டை ஒட்டித் துறவிகள் குடியேறிக் கல்லால் தேன்கூட்டு வடிவ அறைகள் கட்டிய இடம். 618 படி, பெரும்பாலும் கைப்பிடி கிடையாது. நாளுக்கு 180 பேரைத்தான் இறக்குவார்கள், அதுவும் மே நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரை மட்டும். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வந்த பிறகு படகுச் சீட்டுக்கு அடிதடி. சீட்டு கிடைத்தும் கடல் சரியில்லை என்று காலையில் ரத்தாவது சகஜம். துறவிகளே 13ஆம் நூற்றாண்டு வாக்கில் கரைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தேற்றிக்கொள்ளலாம்.

மோஹருக்குப் பக்கத்திலேயே உள்ள பர்ரன் பலருடைய பட்டியலில் இடம்பெறுவதில்லை. பெற வேண்டும். மைல் கணக்கில் வெறும் சுண்ணாம்புப் பாறை. வெடிப்புகளுக்குள் ஆல்ப்ஸ் மலைப் பூவும் மத்தியதரைக் கடல் பூவும் அடுத்தடுத்துப் பூக்கும். மே மாதத்தில் ஜென்ஷியன் என்ற பூவின் நீலத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பார்வைக்கு ஆள் புழங்காத பாறைவெளி. உண்மையில் ஆள் புழங்குவதால்தான் பூவே பூக்கிறது. மற்ற மலை நாடுகளில் கோடையில் மாட்டை மேலே ஏற்றுவார்கள். இங்கே குளிர்காலத்தில் ஏற்றுகிறார்கள். சுண்ணாம்புப் பாறை கோடை வெப்பத்தைப் பிடித்துவைப்பதால் மேலே ஓரளவு காய்ந்த, கதகதப்பான தரை கிடைக்கும். மாடுகள் குளிர்காலம் முழுக்கப் பழைய புல்லை மேய்ந்து தீர்க்க, வசந்தத்தில் சிறு செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. விவசாயி மாட்டை விற்றுவிட்டு நகரத்துக்குப் போனால் சில ஆண்டில் புதர் மூடிவிடும்.

எதிரே கடலில் அரன் தீவுகள் மூன்று: இனிஷ் மோர், இனிஷ் மான், இனிஷ் ஈர். மூன்றிலும் சேர்த்து ஆயிரத்து சொச்சம் பேர், வீட்டு மொழி ஐரிஷ். மண்ணே இல்லாத பாறையில் கடல்பாசியையும் மணலையும் கூடை கூடையாகக் கொட்டி மண் செய்து கிழங்கு போட்டவர்கள். எடுத்த கல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவராக அடுக்கினார்கள். அந்தச் சுவர்களால், விமானத்திலிருந்து பார்த்தால் தீவே ஒரு மீன்வலை போலத் தெரியும். 1898இல் நாடகாசிரியர் ஜான் மில்லிங்டன் சிங் இங்கே வந்து தங்கத் தொடங்கினார். போய் இரு என்று சொன்னவர் கவிஞர் யேட்ஸ். இனிஷ் மானில் சிங் தங்கிய, கூரை வேய்ந்த குடிசையை இன்றும் பார்க்கலாம்.

அரனில் இறங்கிய எவரும் ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்காமல் திரும்புவதில்லை. விற்கும் கடையில் ஒரு கதையும் இலவசம்: ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பின்னல் உண்டு, கடலில் செத்துக் கரையொதுங்கும் மீனவரை அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்களாம். கதை தப்பு. சிங் 1904இல் மேடையேற்றிய ஒரு நாடகத்தில், மூழ்கியவனை அவன் சகோதரி காலுறையின் தையல் எண்ணிக்கையை வைத்து அடையாளம் காண்கிறாள். காலுறை ஸ்வெட்டராக வளர்ந்து, ஒரு வீட்டுத் துயரம் கடைக்காரரின் விற்பனைப் பேச்சாகிவிட்டது. 1934இல் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி எடுத்த ‘மேன் ஆஃப் அரன்’ ஆவணப்படமும் அப்படித்தான். அதில் தீவுக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சுறா வேட்டையாடுவார்கள். அந்த வேட்டை நின்று பல தலைமுறை ஆகியிருந்தது. படத்துக்காக அவர்களுக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. படத்தில் வரும் குடும்பமும் ஒரே குடும்பம் இல்லை, வெவ்வேறு வீட்டு ஆட்கள். வெளியூர்க்காரருக்கு என்ன பார்க்க ஆசையோ அதைத் தீவு காட்டுகிறது. நல்லவேளையாக டிம் ராபின்சன் என்ற யார்க்‌ஷயர்க்காரர் 1972இல் இங்கே குடிவந்து, ஒவ்வொரு சுவரையும் கிணற்றையும் நடந்தே பார்த்து வரைபடம் போட்டார். இடங்களின் பெயரையும் அதன் கதையையும் கிழவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார். அரனைப் பற்றி அவர் எழுதிய இரண்டு பெரிய புத்தகங்கள், ஸ்வெட்டர் விலைக்குள் அடங்கும்.

இவை எல்லாவற்றையும் விட, ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், கெர்ரி மாவட்டத்தில் டிங்கிள் தீபகற்பத்தின் நுனிக்குப் போக வேண்டும். டன்குவின் கிராமத்தில் பாறையைச் செதுக்கிக் கடலுக்கு இறங்கும் வளைந்து வளைந்த சாய்தளம் ஒன்று இருக்கிறது. ஆட்டு மந்தை அதில் ஏறுகிற படம் அஞ்சலட்டைகளில் வரும். எதிரே படுத்திருக்கும் மலைதான் பெரிய பிளாஸ்கெட் தீவு.

ஆள் நிறைந்திருந்த காலத்தில்கூட 200 பேரைத் தாண்டாத தீவு. மின்சாரம் கிடையாது, வைத்தியர் கிடையாது, பாதிரியார் கிடையாது, கடையும் சாராயக்கடையும்கூடக் கிடையாது. அங்கிருந்து 1929 முதல் எட்டு ஆண்டுக்குள் மூன்று தன்வரலாறுகள் வந்தன. மீனவர் தொமாஸ் ஓ கிரிஹன் ‘தீவுக்காரன்’ எழுதினார். இளைஞர் முய்ரிஷ் ஓ சூலவான் தன் சிறுவயதை எழுதினார். அதன் ஆங்கிலப் பதிப்புக்கு ஈ. எம். ஃபார்ஸ்டர் முன்னுரை கொடுத்தார். தீவுக்கு மருமகளாக வந்த பெய்க் சேயர்ஸ் ஐரிஷில் எழுதப் படிக்கத் தெரியாதவர். தன் கதையை மகன் மைக்கேலுக்குச் சொல்லி எழுதவைத்தார். பிரிட்டிஷ் மியூசியத்தின் ராபின் ஃபிளவரும், பின்னாளில் பர்மிங்ஹாமில் கிரேக்கப் பேராசிரியரான ஜார்ஜ் தாம்சனும் ஐரிஷ் படிக்க வந்து தீவுக்காரர்களை எழுதத் தூண்டினார்கள். ஹோமரின் காவியம் எப்படி வாய்மொழியாக நின்றிருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள இந்தத் தீவுப் பேச்சுதான் தனக்கு உதவியது என்று தாம்சன் கருதினார். பெய்க்கின் புத்தகத்தைப் பிறகு பள்ளிப் பாடமாக வைத்து, அயர்லாந்தின் பிள்ளைகள் பல தலைமுறைக்கு அந்தக் கிழவியையே வெறுக்கும்படி செய்தார்கள். பாடத்திட்டம் போடுகிறவர்கள் எங்கும் ஒரே மாதிரி.

இந்தத் தீவை முடித்துவைத்தது வானிலை. 1946 கிறிஸ்துமஸ் சமயம் ஒரு இளைஞனுக்குக் காய்ச்சல் கண்டது. புயலில் படகு இறங்க முடியவில்லை, வைத்தியர் வரவில்லை. புத்தாண்டு பிறந்த சில நாளில் மூளைக்காய்ச்சலில் செத்துப்போனான். சவப்பெட்டி கொண்டுவரவும் கடல் விடவில்லை. சில மாதம் கழித்துத் தீவுக்காரர்கள் சோறில்லை என்று பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி அடித்தார்கள். அவரே அந்தக் கோடையில் வந்து பார்த்தார். அரசாங்கம் யோசித்து முடிக்க ஆறு ஆண்டு. 1953 நவம்பர் 17 அன்று மிச்சமிருந்த இருபத்துச் சொச்சம் பேரைக் கரைக்குக் கொண்டுவர ஏற்பாடானது. அன்றும் கடல் சரியில்லை. முன்பே போன பலரும் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் ஒரே பேட்டையில் அக்கம்பக்கமாக இருந்தார்கள். பிளாஸ்கெட் ஐரிஷ் அங்கே தெருவில் கேட்டது.

அதற்குப் பிந்திய கதை சுற்றுலாக் கையேட்டில் வராது. மனை மனையாக நிலம் கைமாறி, 1987இல் தீவின் பெரும்பகுதி ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் விற்பனைக்கு விளம்பரமானது. பதறிப்போன நாடாளுமன்றம் 1989இல் தீவை வரலாற்றுப் பூங்கா ஆக்கிச் சட்டம் போட்டது. 1953க்கு முன் குடியிருந்தவர்கள், அவர்களுடைய வாரிசுகள் ஆகியோரின் நிலத்தைத் தொடமாட்டோம், மற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வோம் என்றது சட்டம். சொத்துக்காரர்களை இரண்டு சாதியாகப் பிரிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பிறகு அரசு பேரம் பேசித்தான் வாங்க வேண்டியிருந்தது.

இப்போது கோடையில் படகு போகிறது. தீவில் ஒழுங்கான துறை இல்லாததால் படகிலிருந்து ரப்பர் தோணிக்கு மாறி, பாசி வழுக்கும் படியில் கால் வைக்க வேண்டும். மேலே ஏறினால் இடிந்த வீடுகளுக்கு நடுவே பெய்க்கின் வீட்டைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். கீழே வெள்ளை மணல் கரையில் நூற்றுக்கணக்கில் சாம்பல் நிறக் கடல்நாய்கள். பிள்ளைகள் கூட்டமாகக் கத்துவது போல அவை ஊளையிடும். சில வீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள். அவற்றையும் தேநீர்க் கடையையும் பார்த்துக்கொள்ள ஒரு சோடி ஆட்கள் கோடை முழுக்கத் தங்குவார்கள். மின்சாரம் இன்றும் இல்லை. கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றச் சின்னக் காற்றாலை ஒன்று உண்டு. 2020 ஜனவரியில் அந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது உலகெங்கிலிருந்தும் பல்லாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். அறுபது ஆண்டுக்கும் முன்பு வேண்டாம் என்று அரசிடம் கெஞ்சி விட்டுவந்த வாழ்க்கைக்கு இத்தனை போட்டி. விண்ணப்பித்தவர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அவர்களுக்குக் கோடை முடிந்ததும் திரும்பிப் போக வீடு இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

தீவிலிருந்து வந்த சாயங்காலம் டிங்கிள் ஊருக்குப் போய்விடுவது நல்லது. அங்கே ஆளும் சத்தமும் உண்டு. மெயின் தெருவில் ஃபாக்ஸி ஜான்ஸ் என்ற கடையில் நுழைந்தால் ஒரு பக்கம் ஆணி, சுத்தியல், பெயின்ட் டப்பா, மறுபக்கம் பியர். கிரீன் தெருவில் டிக் மேக்ஸில் ஒரு பக்கம் தோல் வேலை, மறுபக்கம் விஸ்கி. வேடிக்கைக்காகச் செய்த அலங்காரமில்லை. கிராமத்துக் கடைகள் பலவும் முன்பு இப்படித்தான் இருந்தன. ஒன்பதரைக்கு மேல் மூலை மேசையில் நாலைந்து பேர் பிடில், புல்லாங்குழல் எடுத்து உட்காருவார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. கைதட்டினால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பேசிக்கொண்டே குடித்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். யாராவது பாட ஆரம்பித்தால் மட்டும் வாயை மூட வேண்டும்.

டப்ளினில் இரண்டு நாள் போதும். டெம்பிள் பார் பக்கம் பியர் விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்து லிஃபி ஆற்றங்கரைக்கு வந்தால், கஸ்டம் ஹவுஸ் துறையில் ரோவன் கில்லெஸ்பி 1997இல் வார்த்த பஞ்ச உருவங்கள் கப்பலை நோக்கி நடக்கின்றன. ஒருவர் தோளில் பிள்ளை. அருகிலேயே புலம்பெயர்ந்தோர் அருங்காட்சியகம். சான்டிகோவ் கடற்கரையில் ஜாய்ஸ் கோபுரம் இருக்கிறது. எழுத்தாளர் ஜாய்ஸ் அதில் 1904 செப்டம்பரில் ஆறு இரவு தங்கினார். அடுத்த மாதமே நாட்டை விட்டுப் போனார். ஆறு இரவுக்கு ஒரு அருங்காட்சியகம், அவருக்கென ஆண்டுதோறும் ஜூன் 16இல் ஒரு திருவிழா. போனவர்களைக் கொண்டாடுவதில் இந்த ஊரை மிஞ்ச முடியாது.

போனவர்களில் சிலர் சென்னைக்கும் வந்தார்கள். ராஸ்காமன் மாவட்டத்தின் பாய்ல் என்ற சிற்றூருக்குப் பழைய மடாலயத்தைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. மார்கரெட் கசின்ஸ் 1878இல் பிறந்த ஊர் அது. அயர்லாந்தில் பெண்களின் வாக்குரிமைக்குச் சிறை போனவர் 1915இல் இந்தியா வந்தார். 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1932இல் வேலூர்ச் சிறையில் இருந்தார். வடக்கே, ஆன்ட்ரிம் மாவட்டத்தில் கிளேடி என்ற சின்ன இடத்தில் 1814இல் பிறந்தவர் ராபர்ட் கால்டுவெல். பத்து வயது வாக்கில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போய், அங்கிருந்து 1838இல் சென்னை வந்து, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டு, கடைசியில் இடையன்குடியில் அடக்கமானார். கிளேடி பெல்ஃபாஸ்டுக்குப் பக்கம், அதாவது ஐக்கிய ராஜ்யத்தைச் சேர்ந்தது. டப்ளினிலிருந்து காரில் போனால் எல்லைச் சாவடி எதுவும் வராது, மைல் பலகை மட்டும் கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும். ஆனால் விசா மாறும். ஷெங்கன் விசா இரண்டு பக்கத்திலும் செல்லாது. இந்தியர்களுக்கு இரு நாட்டுக்கும் ஒரே விசா செல்லும் ஏற்பாடு 2015 முதல் இருக்கிறது, அதற்கான குறிப்பு விசாவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆள் குறைந்த கரைக்கு ஆளைத் திரும்பக் கொண்டுவர அரசும் இப்போது முயல்கிறது. 2023இல் தீவுகளுக்கென்று ஒரு கொள்கை வந்தது. அதன்படி தீவில் பூட்டிக்கிடக்கும் வீட்டைச் செப்பனிட 60,000 யூரோ, இடிந்து கிடந்தால் 84,000 யூரோ வரை மானியம். ‘அயர்லாந்துத் தீவில் குடியேறினால் 84,000 யூரோ பரிசு’ என்று உலகப் பத்திரிகைகள் அதைத் திரித்துப் போட, பல நாட்டிலிருந்தும் விசாரிப்பு குவிந்தது. பரிசு எதுவும் இல்லை. வீட்டை முதலில் சொந்தக் காசில் வாங்க வேண்டும். இரண்டு ஆண்டாவது காலியாக இருந்திருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகுதான் பணம். அதில் குடியிருக்க வேண்டும், அல்லது வாடகைக்குக் குடிவைக்க வேண்டும். குடியேறும் உரிமை, விசா எதுவும் அதோடு வராது. பாலம் இருப்பதால் அக்கிலுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. ஆண்டு முழுக்கக் குடியிருப்பவர் எவரும் இல்லாததால் பிளாஸ்கெட்டுக்கும் பொருந்தாது. இதே மானியம் கரையில் உள்ள இடிந்த வீட்டுக்கு 70,000 யூரோதான். தீவுக்குக் கூடுதலாகத் தரும் 14,000 யூரோ எதற்கென்றால், சிமென்ட் மூட்டையும் கொத்தனாரும் படகில் வந்தாக வேண்டும்.